அஷ்டமியில் புறப்படுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் கோடையைக் கழித்துவிட்டு இலையுதிர் காலத்தில் பாய்மரப் படகில் தாய்த்துறைக்குத் திரும்பும் தம்பதிகளைப் பற்றிய பயணக் கட்டுரை படித்தோம். படங்கள் அழகு. கணக்குதான் இடிக்கிறது. டார்ட்மத் துறைமுகத்திலிருந்து சவுத்தாம்டனை அடுத்த ஹாம்பிள் ஆறு வரை ஏறக்குறைய 95 கடல் மைல். முப்பதடிப் படகு மணிக்கு 5 கடல் மைல் போகும். ஆகவே 19 மணி நேரம். வெள்ளி மாலை 6 மணிக்குக் கிளம்பினால் சனி மதியம் ஒரு மணிக்கு வீட்டுச் சாப்பாடு என்பது கட்டுரையின் கணக்கு. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அந்த வழியில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. போர்ட்லண்ட் பில் முனை ஒன்று, வைட் தீவின் மேற்கு நுனியை ஒட்டிய நீடில்ஸ் வாய்க்கால் இன்னொன்று. இரண்டும் நிலவு சொல்கிற நேரத்துக்குத்தான் திறக்கும். கட்டுரையை நம்பி யாராவது வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து நேரே படகுக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

தமிழ்நாட்டுக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு மனத்தடை உண்டு. சென்னையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். பாம்பன் பாலத்தடியில் தண்ணீர் இழுப்பதைப் பார்த்தவர்கள் வேண்டுமானால் கொஞ்சம் ஊகிக்கலாம். பிளிமத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 4.7 மீட்டர். ஆங்கிலக் கால்வாய் முழுவதும் தண்ணீர் சுமார் ஆறு மணி நேரம் கிழக்கே ஓடும், ஆறு மணி நேரம் மேற்கே ஓடும். கரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் அது நெருக்கிப் பிழிந்துகொண்டு வேகம் எடுக்கும். இரவும் பகலும் சமமாகும் செப்டம்பர் கடைசியை ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமிகளில் இந்த ஏற்றவற்றம் ஆண்டிலேயே பெரிது. ஊர் திரும்புகிறவர்கள் கிளம்புவதும் அப்போதுதான்.

போர்ட்லண்ட் பில் ஒரு கூரான பாறை முனை. டார்செட் கரையிலிருந்து தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கிறது. நுனியில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம், 1906இல் கட்டியது, 20 விநாடிக்கு ஒருமுறை நான்கு மின்னல் அடிக்கும். நுனிக்குத் தெற்கே கடலடியில் ஒரு பாறைத் திட்டு தொடர்கிறது. ஆழத்தில் ஓடிவரும் தண்ணீர் அந்தத் திட்டில் முட்டி மேலே எழும்பி, மறுபக்கம் சரிந்து விழும்போது கொந்தளிப்பு உண்டாகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீரோட்டம் மணிக்கு 7 கடல் மைலைத் தொடும், சில இடங்களில் தாண்டும். 5 மைல் வேகப் படகு அதை எதிர்த்தால் பின்னோக்கித்தான் போகும். ஓட்டம் கிழக்கே என்றால் கொந்தளிப்பு முனைக்குத் தென்கிழக்கே இருக்கும். மேற்கே என்றால் தென்மேற்கே இருக்கும். எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் அலைகள் நெருங்கி நெருங்கி நின்று உடையும். அதற்குள் புகுந்த சிறு படகுக்குச் சுக்கான் வேலை செய்யாது.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முனையின் கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம் இரண்டிலும் கரையோரத் தண்ணீர் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்பது பத்து மணி நேரம் தெற்கே பார்த்துத்தான் ஓடும். அதாவது கரையை ஒட்டி வரும் படகைத் தானாகவே கொந்தளிப்பை நோக்கி இழுத்துப்போகும். காற்று விழுந்து, எஞ்சினும் மக்கர் பண்ணினால் எங்கே போய்ச் சேர்வோம் என்பதை இது ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது.

தாண்ட இரண்டு வழி. ஒன்று, முனைக்கும் கொந்தளிப்புக்கும் நடுவே பாறையை ஒட்டி ஓடும் ஒடுங்கிய அமைதியான நீர். கரையிலிருந்து 200 மீட்டருக்குள் போக வேண்டும். பகலாக இருக்க வேண்டும், காற்று (வேகத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவுகோலில்) 4ஆம் எண்ணுக்கு மேல் போகக் கூடாது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அங்கே சிங்கி இறால் கூடுகளின் மிதவைகள் நிறைய. நீரோட்டம் இழுக்கும்போது மிதவை தண்ணீருக்கடியில் போய்விடும், கயிறு மட்டும் சாய்ந்து நிற்கும். அது புரொப்பல்லரில் சுற்றினால் மேலே சொன்ன இழுப்பு படகை அப்படியே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வழி, முனைக்குத் தெற்கே 3 முதல் 5 மைல் விலகிச் சுற்றுவது. இரவிலும், 5ஆம் எண் காற்றிலும், இருவர் மட்டும் இருக்கும் படகிலும் இந்த இரண்டாவது வழியைத்தான் நாங்கள் சொல்வோம். கூடுதலாகும் நேரத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இப்போது நேரக் கணக்கு. முனையருகே நீரோட்டம் கிழக்கே திரும்புவது டோவர் துறைமுகத்தின் உயர்நீருக்கு ஏறத்தாழ ஐந்து, ஐந்தரை மணி நேரம் கழித்து. டோவரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உயர்நீர் எப்போதும் கிரீன்விச் நேரப்படி (கோடைக்காலக் கடிகாரத்துக்கு இங்கும் கீழேயும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்) நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே வரும். அப்படியானால் அந்த நாட்களில் பில் வாசல் திறப்பது விடிகாலை ஐந்தை ஒட்டியும் மாலை ஐந்தை ஒட்டியும். அரைநிலா நாட்களிலோ டோவர் உயர்நீர் காலை, மாலை ஆறு மணிப் பக்கம் நகர்ந்துவிடும். பில் வாசல் நண்பகலை ஒட்டித் திறக்கும். கூடவே நீரோட்டத்தின் வேகமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும்.

அஷ்டமி, நவமியில் நம்மவர்கள் பயணம் கிளம்ப மாட்டார்கள். இந்தக் கடலிலோ அந்த இரண்டும் அவற்றையடுத்த ஓரிரு நாட்களும்தான் நல்ல நாள். அக்டோபரில் பகல் வெளிச்சத்தில் பில் முனையைத் தாண்டக் கிடைக்கும் நாட்கள் பெரும்பாலும் இவைதான். ராகுகாலத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம்.

கட்டுரையின் வெள்ளிக்கிழமைப் படகை இதில் வைத்துப் பாருங்கள். டார்ட்மத்திலிருந்து பில் 43 மைல், எட்டரை மணி நேரம் சொச்சம். மாலை 6க்குக் கிளம்பினால் பின்னிரவு இரண்டரைக்கு முனைக்குத் தெற்கே நிற்கும். பௌர்ணமி வாரமானால் எதிர் நீரோட்டம் முழு வேகத்தில் இருக்கும் நேரம்; மூன்று மணி நேரத்துக்கு மேல் இருட்டில் ஒரே இடத்தில் எஞ்சினை முறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அரைநிலா வாரமானால் ஓட்டம் சாதகம், தாண்டிவிடலாம். ஆனால் அங்கிருந்து நீடில்ஸ் 34 மைல். நீரோட்டத்தின் உதவியோடு ஐந்தேகால் மணி நேரம். கிழக்கு ஓட்டம் ஆறு மணி நேரம்தான், அதில் ஒன்றரை மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. நீடில்ஸ் போய்ச் சேரும்போது அந்த வாசல் சாத்தத் தொடங்கியிருக்கும்.

நாங்கள் சொல்லும் மாற்று இது. அரைநிலா கழிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, விடியுமுன் நாலு மணிக்கு டார்ட்மத்தை விட்டுக் கிளம்புங்கள். அந்தத் துறைமுக வாய் ஆழமானது, விளக்கு வைத்தது. இருட்டில் வெளியேறுவது, தெரியாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழைவதைவிட எவ்வளவோ எளிது. மூன்றரை மணி நேரம்தான் இருட்டு, அதுவும் தூங்கி எழுந்த கண்ணோடு. மதியம் பில் முனை. அங்கிருந்து நீடில்ஸுக்குத் தொடராமல் வடக்கே திரும்பி போர்ட்லண்ட் துறைமுகத்திலோ வெய்மத்திலோ இரவு தங்குங்கள். அக்டோபர் முதல் வாரமானால் ஒரே மூச்சில் நீடில்ஸ் உள்ளே போய் யார்மத்தில் கட்டிவிடலாம், பொழுது சாய்கிற நேரமாகிவிடும். நடு அக்டோபரில் அது இருட்டில் முடியும். மறுநாள் காலை எட்டரை ஒன்பதுக்கு வெய்மத்தை விட்டால், முதல் சில மணி நேரம் லேசான எதிரோட்டம் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். செயின்ட் ஆல்பன்ஸ் முனை தாண்டும்போது ஓட்டம் திரும்பும். வெளிச்சம் இருக்கும்போதே நீடில்ஸ். நடுவில் லல்வர்த் பக்கம் ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக் கடல் இருக்கிறது, வார நாட்களில் சுடுவார்கள். பயிற்சி நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரப் பிழை வருகிற இடம் கடிகாரம். அச்சிட்ட கடல் பஞ்சாங்கங்கள் பொதுவாக கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பல தாமே கூட்டிவிடும். ஒருவர் புத்தகத்தைப் பார்க்கிறார், மற்றவர் கைப்பேசியைப் பார்க்கிறார், புத்தகக்காரர் கூட்ட மறந்தார் என்றால் வாசல் ஒரு மணி தள்ளிப்போகும். செயலி ஏற்கெனவே கூட்டியதில் இன்னொரு முறை கூட்டினாலும் அதே கதை, எதிர்ப்பக்கம். அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னிரவு 2 மணிக்குக் கடிகாரம் ஒரு மணி பின்னே போகிறது. அந்த வார இறுதியில் பயணம் என்றால், எல்லா நேரத்தையும் கிரீன்விச் நேரத்திலேயே ஒரே தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

காற்றைப் பற்றிக் கட்டுரை சொன்னதில் பாதி சரி. தென்மேற்குக் காற்று கிழக்கே போகிறவர்களுக்குப் பின்காற்றுதான். ஆனால் இலையுதிர் காலத்தில் அது தனியாக வராது. தாழ்வழுத்தம் நெருங்கும்போது காற்று தெற்குப் பக்கம் திரும்பி மழை தொடங்கும். பிறகு தென்மேற்கில் நிலைத்துத் தூறலும் மூட்டமுமாகக் கண் மறைக்கும். குளிர்முகப்பு, அதாவது பின்னால் வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்ததும் பட்டென்று மேற்கு, வடமேற்குக்குத் தாவும், வானம் துடைத்துவிட்டதுபோல் தெளியும், இடையிடையே சூறையடிக்கும். கடல் அப்போதும் கோடையின் சூட்டை வைத்திருக்கும், மேலே வருவது குளிர்ந்த காற்று. அந்தச் சூறைகளுக்கு அதுதான் காரணம். புறப்பட வேண்டியது அந்தக் குளிர்முகப்புக்குப் பின்னால், காற்று வடமேற்கில் 4க்கு இறங்கிய பிறகு, பழைய அலை தணிய அரை நாளாவது விட்டு. முகப்புக்கு முன்னால் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறதே என்று கிளம்பினால் லைம் விரிகுடாவில் மாட்டிக்கொள்வீர்கள். டோர் விரிகுடாவுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே தென்மேற்குப் புயலில் ஒதுங்க இடம் கிடையாது. லைம் ரீஜிஸ் துறை வற்றத்தில் தரை தட்டும். எக்ஸ்மத் வாயில் மணல்திட்டு. கிழக்கே செசில் கடற்கரையின் கூழாங்கல் மேடு மைல்கணக்கில் காத்திருக்கும்.

கரையோர வானிலை அறிக்கையில் உங்களுக்கு வேண்டியவை லேண்ட்ஸ் எண்ட் முதல் லைம் ரீஜிஸ் வரை ஒன்று, லைம் ரீஜிஸ் முதல் செல்சி பில் வரை ஒன்று. கடலோரக் காவல்படை விஎச்எஃப் வானொலியில் மூன்று மணிக்கு ஒருமுறை படிக்கிறது. புயல் எச்சரிக்கையில் வரும் சொற்களுக்கு நிச்சயமான பொருள் உண்டு: உடனடி என்றால் ஆறு மணி நேரத்துக்குள், விரைவில் என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு, பின்னர் என்றால் பன்னிரண்டுக்கு மேல். பின்னர் என்ற சொல்லைக் கேட்டு இன்னும் நாளாகும் என்று நினைத்தவர்கள் உண்டு.

திரும்பும் வழியில் சால்கம் துறையில் தங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அதன் வாயில் உள்ள மணல்திட்டின் மேல் வற்றத்தில் ஒரு மீட்டர் போலத்தான் தண்ணீர். தெற்குப் பக்கத்து அலையும் வெளியேறும் வற்றமும் சந்தித்தால் அங்கே அலை உடைந்து புரளும். 1916 அக்டோபர் 27ஆம் தேதி, அந்த ஊர் உயிர்காப்புப் படகே உதவிக்குப் போய்விட்டுத் துறைக்குத் திரும்புகையில் அந்தத் திட்டின் மேல்தான் கவிழ்ந்தது. படகில் இருந்த 15 பேரில் 13 பேர் இறந்தார்கள். எல்லாரும் அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

இனி இரண்டு பேர் விஷயம். தம்பதியாகப் போகும் படகில் ஆள் இரண்டு என்றாலும் ஒருவர் தூங்கும்போது அது ஒற்றை ஆள் படகு. ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டாலும் ஒற்றை ஆள் படகுதான், அதுவும் மிச்சமிருப்பவர் பதறிக்கொண்டிருக்கும் படகு. பெரும்பாலான படகுகளில் கணவர் சுக்கான் பிடிப்பார், மனைவி கயிறு கட்டுவார், சமைப்பார். வருடம் முழுக்க இப்படியே பழகியிருந்தால், கணவர் விழுந்த அன்று மனைவி முதல்முறையாகப் படகைத் தனியே திருப்ப வேண்டிவரும். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊர் திரும்பும் முன், அமைதியான ஒரு மதியத்தில், ஒரு மிதவைத் தலையணையில் வாளி ஒன்றைக் கட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, வழக்கமாகச் சுக்கான் பிடிக்காதவர் தனியே அதை எடுத்துவரட்டும். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம்.

செய்ய வேண்டியது: முன்பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை அவிழ்க்காமலே, படகின் முன்முனையான அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிவிடுங்கள். முன்பாய் எதிர்ப்பக்கம் காற்று வாங்கி, படகு சில விநாடிகளில் ஏறக்குறைய நின்றுவிடும். பாயை இறக்குவது, சுருட்டுவது என்று எதிலும் கை வைக்காதீர்கள், அதற்குள் படகு கால் மைல் போயிருக்கும். ஜிபிஎஸ் கருவியில் ஆள் விழுந்த பொத்தானை அழுத்துங்கள், மிதவையை எறியுங்கள். வானொலியில் மூடியைத் தூக்கிச் சிவப்புப் பொத்தானை ஐந்து விநாடி போல விடாமல் அழுத்தினால் இருக்கும் இடத்தோடு அபாயச் செய்தி போய்விடும்; பிறகு 16ஆம் அலைவரிசையில் பேசலாம். எஞ்சினைக் கிளப்பும் முன் படகின் இரு பக்கமும் பாருங்கள், தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று. பதற்றத்தில் எல்லாரும் மறப்பது இதைத்தான்; அந்தக் கயிறு புரொப்பல்லரைக் கட்டிப்போட்டால் எஞ்சினும் போச்சு.

பக்கத்தில் வந்து கயிறு மாட்டிய பிறகுதான் உண்மையான சிக்கல். நனைந்த உடையோடு 90 கிலோ மனிதரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த படகுச் சுவரின் மேல் கையால் தூக்க யாராலும் முடியாது. பெரும்பாயை ஏற்றும் கயிறோ உபரிக் கயிறோ வேண்டும். பாய்மரத்தில் இருக்கும் சின்ன வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) போதாது. கயிற்றின் மறுமுனையைத் தளத்தில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, முன்பாய்க்கான பெரிய வின்ச்சுக்குக் கொண்டுவாருங்கள். 40 என்று எண் குறித்த வின்ச்சானால் கைக்கு வரும் பாரம் உராய்வோடு சேர்த்தும் சில கிலோதான். அறுபது வயது அம்மாவும் சுற்றிவிடுவார். அந்தக் கப்பி எங்கே மாட்டுவது என்பதைத் துறையில் கட்டியிருக்கும்போதே பார்த்து வையுங்கள். முடிந்தால் அக்குளுக்கடியில் ஒரு பட்டை, முழங்காலுக்கடியில் ஒரு பட்டை போட்டுப் படுக்கை வாக்கில் தூக்குவது நல்லது. குளிரில் இருந்தவரை நிமிர்த்தித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

இவ்வளவையும் தவிர்க்க இரண்டு மீட்டருக்குள் ஒரு பாதுகாப்புக் கயிறு போதும். படியேறி வெளியே வருமுன்னே அதை மாட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர் தூங்கும்போது மேலே இருப்பவர் எந்தக் காரணத்துக்காகவும் காக்பிட்டை (சுக்கான் பிடிக்கும் இடத்தை) விட்டு முன்னே போகக் கூடாது. பாயைக் குறைக்க வேண்டுமானால் எழுப்புங்கள். அதைவிட நல்லது, பொழுது சாயும்போதே ஒரு மடிப்பு குறைத்துவிடுவது. தானாக ஊதும் உயிர்காப்புச் சட்டையில் உள்ள சிலிண்டரைக் கழற்றி வீட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள், அதன் மேல் பொறித்திருக்கும் மொத்த எடைக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். திருப்பி மாட்டும்போது கை இறுக்கமாகத் திருகுங்கள். கோடை முழுக்க ஆடிக்கொண்டிருந்த சிலிண்டர்கள் தளர்ந்து போயிருக்கும்.

எஞ்சின் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் டீசல்தான். கோடையில் அமைதியான கடலில் தொட்டியின் அடியில் தண்ணீரும் கறுப்புச் சளியும் படிந்துகிடக்கும், தொந்தரவு செய்யாது. அக்டோபர் அலையில் தொட்டி குலுங்கியதும் அத்தனையும் கலங்கி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் சுருதி ஏறி இறங்கும், ஒருமுறை இழுக்கும், நின்றுவிடும். அலை அதிகமான இடம் முனையும் துறைமுக வாயும் என்பதால் நிற்பதும் அங்கேதான். கிளம்பும் முன் தொட்டியை முழுக்க நிரப்புங்கள், குலுங்கல் குறையும். 95 மைலும் எஞ்சினிலேயே போனாலும் 30 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மணிக்கு இரண்டரை லிட்டர் வீதம் 50 லிட்டருக்குள் முடிந்துவிடும். முதல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்து ஒரு தம்ளர் வடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும்.

வழியில் நின்றுவிட்டால்: வடிகட்டியை மாற்றுங்கள். இரண்டாவது வடிகட்டியின் தலையில் உள்ள சிறு திருகை அரைச் சுற்று தளர்த்துங்கள். எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள டீசல் பம்பின் நெம்பை விரலால் மேலும் கீழும் அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியில்லாமல் சுத்தமாக வரும், திருகை இறுக்குங்கள். நெம்பு தொளதொளவென்று ஆடி ஒன்றுமே வரவில்லையானால் பம்பு கெட்டுவிட்டதாகப் பயப்படாதீர்கள். உள்ளே அதைத் தள்ளும் மேடு உச்சியில் நிற்கிறது, எஞ்சினைக் கையால் ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள், பிடிக்கும். வாந்தி வருகிற ஆட்டத்தில், தலைகீழாகக் குனிந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டியிருக்கும். எனவே துறையில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள், இருவரும். கடல்நீர் பம்பின் ரப்பர் சக்கரம் ஒன்று உபரியாக இருக்கட்டும். பழையதில் இறகு உடைந்திருந்தால் அந்தத் துண்டு உள்ளேதான் எங்கோ இருக்கிறது, தேடி எடுக்காமல் மூடாதீர்கள்.

மின்சாரம்: நடு அக்டோபரில் இரவு பதின்மூன்று மணி நேரம். தானியங்கிச் சுக்கான், வரைபடக் கருவி, ரேடார், விளக்குகள் எல்லாம் சேர்ந்து மணிக்கு 8 ஆம்பியர் என்று வைத்தால் 104 ஆம்பியர் மணி. 220 எண் உள்ள ஈய பேட்டரியில் பாதியைத்தான் இறக்கலாம், 110. அதாவது ஒரு முழு இரவோடு சரி. பகலில் சூரியத் தகடு ஜூலையில் தந்ததைத் தராது. குளிர்பெட்டியை அணையுங்கள், எதுவும் கெடாது. பாய்மர உச்சி விளக்கைக் கோடையில் யாரும் போட்டே இருக்க மாட்டார்கள், அதன் தொடர்பு முனைகள் பச்சை பூத்துப்போயிருக்கும். முதல் இருட்டில் தெரியவருவதைவிட துறையிலேயே தெரிவது நல்லது.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு பிளாஸ்கில் மிளகு ரசம், ஒன்றில் தேநீர். இரவில் குளிருக்காகக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத படகில் குறிப்பாக.

நீடில்ஸ் வாய்க்காலுக்கு மேற்கே ஷிங்கிள்ஸ் என்ற கூழாங்கல் திட்டு, சில இடங்களில் வற்றத்தில் வெளியே தெரியும். தென்மேற்கு 6ஆம் எண் காற்றும் வெளியேறும் வற்றமும் சேர்ந்த நேரத்தில் அதற்குள் போகாதீர்கள். ஹர்ஸ்ட் கோட்டை முனையில் வற்றம் மணிக்கு 4 மைலைத் தாண்டும். ஸ்டட்லண்ட் விரிகுடா மேற்குக் காற்றுக்கு நல்ல மறைவு, அங்கே நங்கூரம் போட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கலாம். உள்ளே வந்த பிறகு வீடு வந்துவிட்டதென்று கண்ணயர வேண்டாம். கௌஸ் எதிரே 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல்களுக்கு முன்னால் 1000 மீட்டர், பக்கத்தில் 100 மீட்டர் தூரத்துக்குள் சிறு படகு போகக் கூடாது என்பது விதி. பிராம்பிள் திட்டைச் சுற்றிக் கப்பல்கள் அங்கே கூர்மையாகத் திரும்பும். உங்களை நோக்கி வருவதுபோல் தோன்றும் கப்பல் இரண்டு நிமிடத்தில் வேறு பக்கம் போகும். 12ஆம் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தால் எது எப்போது திரும்புகிறது என்று தெரியும்.

தம்பதிகள் கெட்ட நாளில் கிளம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் துணிச்சல் இல்லை. படகைத் தூக்கிக் கரையில் வைக்கக் கிரேனுக்குத் தேதி வாங்கியிருப்பார்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியிருக்கும். கிரேன் தேதியைத் தொலைபேசியில் மாற்றலாம். படகை வழியில் ஒரு துறையில் விட்டுவிட்டு ரயிலேறியும் வரலாம். பிளிமத்தில் ரயில் இருக்கிறது. வெய்மத்திலிருந்து சவுத்தாம்டனுக்கு நேர் ரயில். ஃபால்மத்தில் கிளைப்பாதை. டார்ட்மத்தில் ரயில் இல்லை, ஆற்றைத் தாண்டிப் பேருந்து பிடித்துப் பெய்ன்டன் போக வேண்டும். சால்கமில் அதுவும் சுற்று. இரண்டு வாரம் கழித்து அடுத்த அஷ்டமிக்கு வந்து படகை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த வரைபடத்தில் டார்ட்மத்திலிருந்து நீடில்ஸுக்கு அளவுகோல் வைத்து ஒரே நேர்கோடு போட்டிருக்கிறீர்கள். கடல் வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தால் அது போர்ட்லண்ட் கலங்கரை விளக்கத்தை உரசிக்கொண்டு போகிறது. இணையப் பதிப்பிலாவது அதை முனைக்கு ஐந்து மைல் தெற்கே வளைத்து வரையச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
பாய்மரப் படகு வைத்திருக்கும் இரு வாசகர்கள்,
சவுத்தாம்டன்